பூஜைக்குப் பளபளத்த பிஸ்டல்

துப்பாக்கி என்றால் மின்ன வேண்டும் என்று முதலில் சொன்ன ஆள் யார் என்று தெரிந்தால் அவரிடம் நான்கு வார்த்தை கேட்க வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுக்க அந்த ஆளைத் தேடினேன். கிடைக்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டு நடந்தவர்கள்தான் வரிசையாகக் கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

நான் வேலை பார்த்த துப்பாக்கிப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஏழு பேருக்காக என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். விசாரித்தேன். ஏழு பேரில் ஐந்து பேர் அரைகுறையாகத் தமிழ் பேசுவார்களாம், படிக்கமாட்டார்களாம். ஆகவே இதை மற்ற இரண்டு பேருக்கு எழுதுகிறேன். நீங்கள் இருவரும் அந்த ஐவருக்குக் கன்னடத்தில் சொல்லிவிடுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள், விஷயம் கடைசியில்தான் இருக்கிறது.

ஸ்பிரிங் மாற்றுவது, குழாய் சுத்தம் செய்வது, பிடிக்கட்டை செதுக்குவது எல்லாம் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தால் வந்துவிடும். வராவிட்டாலும் கை பழகிக்கொள்ளும். கையை எப்போது வைக்கக் கூடாது என்பதுதான் யாருக்கும் லேசில் வருவதில்லை. பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்தேன், அங்கே அந்தப் பாடம் இல்லை.

எனக்கு முதலில் வேலை காட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். பழுதுக்கு வந்த துப்பாக்கியை, குண்டு இல்லை என்று பார்த்த பிறகு, மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். எங்களையும் அப்படியே நிற்கச் சொல்வார். "இப்ப பாரு. கை சும்மா இருந்தாத்தான் கண்ணு வேலை செய்யும்" என்பார். அந்த வயதில் எனக்கு அது வெட்டி வேலையாகத் தோன்றியது.

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறிப் பத்து வருஷம் போல ஆகியிருக்கும். எங்கள் கடைப் பலகையில் மட்டும் மைசூர் ராஜ்யம் என்ற பழைய பெயர் அப்படியே இருந்தது. பெயிண்டருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். முதலாளி இந்த ஊர்க்காரர், கன்னடம் வீட்டு பாஷை, தமிழைத் தன் இஷ்டத்துக்குப் பேசுவார். நல்ல மனிதர், அவசரக்காரர். என்னை "மேஷ்ட்ரே" என்பார்.

மைசூரில் தசரா என்றால் மற்றவர்களுக்கு யானையும் விளக்கும். எங்களுக்கு ஆயுத பூஜை. அன்றைக்கு இந்த ஊரில் லாரி முதல் தையல் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. வீட்டில் துப்பாக்கி இருப்பவர்கள் அதை விட்டுவிடுவார்களா? பூஜையில் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை சுத்தம் செய்வார்கள். அங்கேதான் தொல்லை. குழாயைப் புளி போட்டுத் தேய்த்தவர், உள்ளே தேங்காய் எண்ணெய் ஊற்றியவர், கட்டைக்கு வார்னிஷ் அடித்த கையோடு இரும்புக்கும் அடித்தவர் என்று பூஜை முடிந்த மறு வாரம் கடை நிறைந்துவிடும். அந்த வருஷம் பதினொரு பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லி எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. பன்னிரண்டாவதாக வந்தவர் சென்னியப்பன்.

கொள்ளேகாலில் பட்டு வியாபாரம். ராமாபுரத்துப் பக்கம் காட்டை ஒட்டித் தோட்டம் வேறு. கொள்ளேகால் அப்போது மைசூர் மாவட்டம். துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் துப்பாக்கியோடு இங்கேதான் வர வேண்டும். மறுநாள் காலை அவர் ஆபீசில் ஆஜராக வேண்டும். முந்தின நாள் மத்தியானமே மனைவியோடு பஸ்ஸேறி வந்து, மஞ்சள் பையை என் மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணுமில்லீங்க மேஸ்திரி. குறி பாக்கற சைட் லேசா ஆடுது. அதை மட்டும் முடுக்கிக் குடுத்துருங்க. நாளைக்கு ஆபீசர் முன்னாடி வெக்கோணும்."

எடுத்துப் பார்த்தேன். பிஸ்டல், குழாய் அளவு முப்பத்திரண்டு போர். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய அவருடைய மைத்துனர் கொண்டுவந்தது. முறைப்படி இவர் பெயருக்கு மாற்றியிருந்தார்கள். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்த நாளில் எங்கள் மேஜைக்கு அப்படிப்பட்டது வருவதே அபூர்வம், முந்தின வருஷம் நான்தான் அதற்கு எண்ணெய் போட்டுக் கொடுத்திருந்தேன். அப்போது அதன் மேல்பாகம், அதாவது சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு, மழைமேகம் மாதிரி மங்கலாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். வெயிலில் கண்ணைக் கூசக் கூடாது என்று தொழிற்சாலையில் யோசித்துச் செய்த மங்கல் அது.

இப்போது அதில் என் முகம் தெரிந்தது. தலையில் எத்தனை முடி மிச்சம் என்று எண்ணியிருக்கலாம்.

"யார் செய்தது?" என்றேன்.

"நானே தானுங்க" என்றார், பரிசு வாங்க வந்தவர் மாதிரி. "எவர்சில்வர்தானுங்களே. புள்ளைக்குக் கல்யாணம் வருது, பாத்திரமெல்லாம் மெருகு போடறாங்க. பாத்திரக் கடைக்காரன்கிட்ட துணிச் சக்கரமும் பச்சை மெழுகும் வாங்கியாந்து, புழக்கடையில மோட்டாருல மாட்டிப்போட்டனுங்க. மொதல்ல உப்புத்தாள், அப்புறம் கம்பி பிரஷ்ஷு, அப்புறம் மெழுகு. மூணு நாளு."

"சாப்பாட்டுக்குக் கூட எந்திரிக்கலைங்க" என்றார் அவர் மனைவி. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து ஒக்காந்திருக்காங்க, இவுரு புழக்கடையில கொர்ருன்னு ஓட்டிக்கிட்டிருக்காரு."

ஓரங்கள் எல்லாம் மழுங்கியிருந்தன. கம்பி பிரஷ் உரசிய இடங்களில் குங்குமம் பட்டு, பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்பார்கள். சாதாரண இரும்புக் கம்பியால் தேய்த்தால் அந்த இரும்பின் பொடி அதில் ஏறிக்கொண்டு, அது துருப்பிடிக்கும். இதை அவரிடம் சொன்னேன். "ஸ்டெயின்லெஸ்ஸுங்க மேஸ்திரி, துருவே புடிக்காது" என்று எனக்கே விளக்கினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பெரியவர் சொன்னதால் இல்லை. வேறு எங்கேயாவது போய்விடும் என்ற பயத்தில்.

அப்போதுதான் ஸ்லைடின் பக்கவாட்டில் இருந்த எண்ணைக் கவனித்தேன்.

துப்பாக்கியின் எண் தொழிற்சாலையில் அச்சால் அடித்துப் பதிக்கப்படுவது. நேர்க்கோட்டில், ஒரே ஆழத்தில் இருக்கும். இது அப்படி இல்லை. புள்ளி புள்ளியாக, கொஞ்சம் மேலேறிக் கொஞ்சம் கீழிறங்கிப் போனது. ஆறு இலக்கம். முடிந்த இடத்தில் குட்டியாக ஒரு பூ. பூவுக்குப் பக்கத்தில் க.செ. என்று இரண்டு தமிழ் எழுத்து.

"இது என்ன?"

"நம்பருங்க. தேச்ச தேய்ப்புல மங்கிப்போச்சு. ஊட்டு முன்னால ஆசாரத்துல ஒக்காந்து பேர் வெட்டறவன் கல்யாணப் பாத்திரத்துக்கெல்லாம் வெட்டிக்கிட்டு இருந்தானுங்க. இதையும் ஒரு கை பாருப்பான்னேன். வெட்டிப்போட்டான்."

"க.செ.?"

"அது அவனா வெட்டுனதுங்க. கைப்பழக்கம். அன்னைக்கு எல்லாப் பாத்திரத்துலயும் க.செ. தானே வெட்டிக்கிட்டிருந்தான்? கந்தசாமி மவன் சென்னியப்பன். எம்படது தானே, இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டனுங்க."

இதைப் படிக்கும் ஏழு பேரும், அல்லது இரண்டு பேரும், சிரிப்பீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஆயுதத்தின் எண்ணை அழிப்பது குற்றம். மாற்றுவது குற்றம். அழிந்த எண்ணோடு ஒரு துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், நீ அழிக்கவில்லை என்பதை நீதான் காட்ட வேண்டும். இந்த மனிதர் இரண்டையும் செய்துவிட்டு, அதைப் பையில் போட்டு, நாளைக்குத் தானாகவே ஆபீசர் முன்னால் கொண்டுபோய் வைக்கப்போகிறார்.

எதையும் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுவது என் குணம். வீட்டில் இதற்காகத் திட்டு வாங்குகிறேன். ஸ்லைடில் இருந்த எண்ணை உரிமப் புத்தகத்தோடு ஒவ்வொரு இலக்கமாக வைத்துப் பார்த்தேன். பிறகு, இந்த மாதிரி பிஸ்டலில் கீழ்ப்பாகத்திலும் அதே எண் இருக்கும், அங்கே பார்த்தேன். கீழ்ப்பாகத்தை அவர் தொடவில்லை. "அங்க ஸ்பிரிங் கிஸ்பிரிங் தெறிச்சுரும்னு பயமுங்க." புத்தகமும் கீழ்ப்பாகமும் ஒத்துப்போயின. ஸ்லைடில் நான்காவது இலக்கம் ஒத்துப்போகவில்லை. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தது.

அதாவது, ஒரு பிஸ்டலுக்கு இரண்டு எண். வேறு எந்தத் துப்பாக்கியின் மேல்பாகத்தையோ இதில் பூட்டியிருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிற யாரும் நினைப்பார்கள்.

முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவருடைய அவசரம் வந்துவிட்டது.

"மேஷ்ட்ரே, சும்னே, வீணா ரகளை வேண்டாம். எட்டுல இடது பக்கத்துல ரெண்டு கோடு. லேசா தேய்ச்சா மூணு ஆயிடும். அந்தப் பூவையும் பேரையும் சக்கரத்துல புடிச்சு எடுத்துடு. ஹதினைந்து நிமிஷம் வேலை. இல்ல, எல்லாத்தையும் எடுத்துட்டு நம்ம அச்சு வெச்சு நீட்டா அடிச்சுடு. கம்பெனி அடிச்ச மாதிரி இருக்கும்."

"அதுதான் சார் பயம். கம்பெனி அடித்த மாதிரியே இருக்கும்."

"சரியான நம்பர் தானே போடப்போறோம்? பொய் நம்பரா?"

"சரியான நம்பர்தான். போடுவதற்கு நாம் யார்?"

"அவர் பொண்ணு கல்யாணம் இருக்கு."

அதுதான் அந்த மேஜையைச் சுற்றி எல்லோர் மனதிலும் இருந்தது. சென்னியப்பனுக்கு அப்போதுதான் விஷயம் புரிய ஆரம்பித்திருந்தது. முகம் வெளுத்து, முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் ஐப்பசியில், பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. பெண்ணின் அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது என்று ஊரில் ஒரு வார்த்தை கிளம்பினால் போதும்.

"முதலாளி சொல்றபடி செஞ்சுருங்க மேஸ்திரி" என்றார். "உங்களுக்குக் கையெடுத்துக் கும்புடறனுங்க. அந்த ரெண்டு எழுத்தையாவது எடுத்துருங்க. அதைப் பாத்தா ஆபீசர் என்னைக் கோமாளின்னு நெனைப்பாரு."

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். கன்னடத்தில் சொல்பவர்களும் நிறுத்திச் சொல்லுங்கள்.

அரம் என் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. வேலை என்னால் முடியும் என்பதில் சந்தேகமே இல்லை. முடியும் என்பதுதான் இந்தத் தொழிலில் இருக்கிற பெரிய ஆபத்து. ஒரு மனிதர் கும்பிடுகிறார், சம்பளம் கொடுப்பவர் சொல்கிறார், செய்யப்போவதும் உண்மையான எண்ணைத்தான். செய்யாமல் இருப்பதற்குக் காரணம் சொல்வது அந்த நேரத்தில் எவ்வளவு கஷ்டம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். எனக்குச் சட்டம் அதிகம் தெரியாது. ஒன்று மட்டும் தோன்றியது. இதுவரை நடந்ததை மூன்று பேரால் அப்படியே சொல்ல முடியும்: தேய்த்தவர், வெட்டியவர், வீட்டிலிருந்து பார்த்த மனைவி. நான் அரத்தை வைத்த நிமிஷத்திலிருந்து அந்தக் கதை செல்லாது. பிறகு சொல்ல வேண்டிய கதை வேறு, அதில் நானும் முதலாளியும் இருப்போம்.

அந்த அம்மாள்தான் கேட்டார். "உள்ளதை உள்ளபடி சொன்னா உட்டுருவாங்களாங்கண்ணா?"

"தெரியாதும்மா" என்றேன்.

உண்மையாகவே தெரியாது. விட்டுவிடுவார்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருந்தது? "நாளைக்கு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்போதே போவோம். அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாமே சொன்னோம் என்றாவது இருக்கும். நானும் வருகிறேன். நான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்."

"மேஷ்ட்ரே, கடை லைசென்ஸ் போச்சுன்னா?" என்றார் முதலாளி.

"நாம் இதில் இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே சார். சைட்டைக்கூட முடுக்கவில்லை."

அவர் உள்ளே போய்விட்டார்.

மூன்று பேரும் ஆயுத உரிமம் பார்க்கும் அலுவலகத்துக்குக் கிளம்பினோம். குதிரை வண்டியில் சென்னியப்பன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒருமுறை மட்டும் மனைவியிடம், எனக்குக் கேட்கும்படி, "படிச்ச மேஸ்திரிகிட்ட வந்தது எம்பட தப்பு" என்றார். அந்த அம்மாள் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு வந்தார்.

ஆயுதங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் சாப்பாடு முடிந்து வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். பிஸ்டலைத் திறந்து, குண்டு இல்லை என்று காட்டி, மேஜைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கீழ்ப்பாகத்து எண், ஸ்லைடு எண், நான்காவது இலக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"ஏன்ரீ இது? வேற கன்னோட ஸ்லைடா?" என்று சென்னியப்பனைப் பார்த்துக் கேட்டார். "காட்டோரம் தோட்டம் இருக்கு இல்ல? எந்தக் கள்ள வேட்டைக்காரன்கிட்ட வாங்கினே?"

சென்னியப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பட்டுச் சந்தையில் நான்கு பேர் பேச்சை ஒரே ஆளாக அடக்குகிறவர். நான் குறுக்கே புகுந்து தேய்த்த கதையை மறுபடியும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அது நம்பக்கூடிய கதையாகத் தோன்றவில்லை.

"பேர் வெட்டறவன் வெட்டினானாம். நல்லா இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "நம்பணுமா?"

அந்த அம்மாள் மடியில் இருந்த பையைத் திறந்தார். வழிக்குத் தண்ணீர் கொண்டுவந்த எவர்சில்வர் செம்பு. தண்ணீரை ஜன்னல் வழியாக வெளியே ஊற்றிவிட்டு, முந்தானையால் துடைத்து, பிஸ்டலுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதும் அவன் வெட்டுனதுதானுங்க. அன்னைக்கே."

இன்ஸ்பெக்டர் செம்பைத் திருப்பினார். க.செ. என்று இருந்தது. அதே புள்ளி, அதே ஏற்ற இறக்கம். முன்னால் அதே குட்டிப் பூ. அதன் கீழே கல்யாணத் தேதி.

"ஐப்பசி பதினெட்டா கல்யாணம்?" என்றார். அவருக்குத் தமிழ் படிக்க வரும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"பதிமூணுங்க" என்றார் அந்த அம்மாள். "அவன் மூணு போட்டா எட்டு மாதிரிதானுங்க இருக்கும். எல்லாப் பாத்திரத்துலயும் அப்படித்தான் வெட்டித் தொலைச்சிருக்கான். சம்பந்தி வீட்டுல என்ன சொல்றதுன்னே தெரியலீங்க."

இன்ஸ்பெக்டர் செம்பையும் ஸ்லைடையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார் என்று எனக்குப் பட்டது. பிறகு பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது ஒருவரும் வந்து சிரித்தார்.

"நம்பர் மாத்தறவன்களை நான் பார்த்திருக்கேன்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பக்கத்துல பூவும் போட்டு, அப்பன் பேரோட தன் பேரையும் வெட்டிக்கிட்டு வந்த கள்ளனை இன்னும் பார்க்கல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதை எடுத்துட்டு சுத்தமா வேற நம்பர் அடிச்சுக் கொண்டுவந்திருந்தீங்கன்னா, இவரை மட்டும் இல்ல, உங்களையும் சேர்த்து உக்கார வெச்சிருப்பேன்."

நான் சென்னியப்பனைப் பார்த்தேன். எடுத்துவிடச் சொல்லிக் கும்பிட்ட இரண்டு எழுத்தை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிஸ்டலை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நிபுணர்களுக்கு அனுப்பினார்கள். பேர் வெட்டுபவரைக் கொள்ளேகாலிலிருந்து வரவழைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். மூன்று எழுதிக் காட்டச் சொன்னார்களாம், எட்டு எழுதினாராம். தேய்த்த இடத்துக்கு அடியில் தொழிற்சாலை பதித்த எண்ணின் தடம் மிச்சம் இருந்ததை நிபுணர்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் விவகாரம் முடிந்தது. எச்சரிக்கை கொடுத்து, அதிகாரபூர்வமாக எண்ணைப் பதித்து, உரிமத்திலும் குறித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் அடுத்த ஆனி மாதம் வந்துவிட்டது. கல்யாணம் ஐப்பசி பதின்மூன்றாம் தேதியே நடந்தது. என்னை அழைக்கவில்லை.

முதலாளியும் வெகு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ வேண்டுமா என்பதைக்கூட எதிர்க்கடைக்காரர் மூலமாகக் கேட்டனுப்பினார். செய்யாத வேலைக்கு யாரும் நன்றி சொல்லமாட்டார்கள். அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

பிஸ்டல் திரும்பி வந்த அந்த வருஷமே, தசரா தொடங்குவதற்கு முந்தின வாரம், கடை திறந்த கையோடு சென்னியப்பன் வந்தார். அதே மஞ்சள் பை. என் மேஜைமேல் வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன வேலை?" என்றேன்.

"ஒரு வேலையுமில்லீங்க. பூஜை முடியற வரைக்கும் இது இங்கயே கடைப் பெட்டியில இருக்கோணுமாம். ஊட்ல உத்தரவு."

பிஸ்டல்களைப் பொறுப்பில் வைத்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி உண்டு. சோதித்து, எண்ணை இரண்டு முறை ஒப்பிட்டு, ரசீது எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் அவர் போகவில்லை. பெட்டிக்குள் இருந்த ஸ்லைடையே பார்த்தபடி நின்றார். அலுவலகத்தில் அத்தனை மாதம் கிடந்ததில் பழைய மினுமினுப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது.

"மங்கிக் கெடக்குதுங்களே மேஸ்திரி" என்றார். "துணியில லேசா ஒரு தேய்ப்பு..."

பெட்டியைச் சாத்திப் பூட்டினேன். நான் ஓய்வு பெறும் வரை ஒன்பது தசராவுக்கு அந்தப் பிஸ்டல் எங்களிடம் வந்தது. ஒன்பது முறையும் அதையே கேட்டார். ஒன்பது முறையும் பூட்டினேன். இப்போது அந்தப் பெட்டியின் சாவி உங்கள் ஏழு பேரில் ஒருவரிடம்தான் இருக்கிறது.